வேலைக்குப் போகிறவர் வீட்டுக் குட்டைக்கும் சரிவிகித மீன் தீவனம்

மயிலாடி வட்டாரத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் குட்டையில் கெண்டை மீன் வளர்க்கும் சிறு விவசாயியால் நாள் முழுவதும் அதன் கரையில் உட்கார்ந்திருக்க முடியாது. விடிந்ததும் வயலுக்கோ, கல் பட்டறைக்கோ, நாகர்கோவிலுக்கோ புறப்பட வேண்டும். வீட்டுப் பெண்களுக்கும் மாடு, சமையல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று காலை நேரம் ஓடிவிடுகிறது. இதனால் குட்டைக்குத் தீவனம் போடுவது யாருடைய வேலையும் இல்லாத வேலையாகிப் போகிறது. ஒரு நாள் மீந்த சோறு, இரண்டு நாள் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்ததும் ஒரு பெட்டி நிறையத் தவிடு! இப்படி வளரும் மீன் எட்டு மாதம் ஆகியும் கால் கிலோவைத் தாண்டாது. அதைவிட மோசம், ஒரு நாள் விடியற்காலையில் குட்டை முழுவதும் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும்.

நேரம் இல்லாததுதான் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கலவையிலும் போடும் முறையிலும்தான் கோளாறு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கலவைக்கும், நாள்தோறும் கால் மணி நேரம் குட்டைக்கும் ஒதுக்கினால் மீனுக்கு வேண்டிய எல்லாச் சத்தும் கிடைத்துவிடும்.

குட்டைத் தண்ணீரே முதல் தீவனம்

கட்லா மேல் மட்டத்தில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடு மட்டத்தில் மேயும். மிர்கால் அடிச்சேற்றில் மட்கியதைக் கிளறித் தின்னும். மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் ஒரே தண்ணீரில் வளர்வது இதனால்தான். இந்த அடிப்படையில் அமைந்த கூட்டு மீன் வளர்ப்புக்காக 1971-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று சிறு குட்டைகளில் வழக்கத்தில் உள்ள முறையும் அதுவேயாகும்.

மிதக்கும் நுண்ணுயிர்களில் புரதச் சத்து மிகுதி. அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தொழுவத்துச் சாணமே அவற்றை உண்டாக்கும். ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். இதற்குக் குஞ்சு விடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு 5 கிலோ சுண்ணாம்பும், சில நாள் கழித்து 40 கிலோ பச்சைச் சாணமும் இட வேண்டும். பிறகு மாதம் 15 கிலோ சாணம் போதும். செம்மண் குட்டைகளில் புளிப்புத் தன்மை இருக்கக் கூடுமாதலால், சுண்ணாம்பின் அளவைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சாணம் போதுமா என்று அறியக் கருவி வேண்டாம். கையை நேராகத் தண்ணீருக்குள் விட வேண்டும். தண்ணீர் முழங்கையைத் தொடும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பதம் சரி. அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்து தண்ணீர் கரும்பச்சையாக இருந்தால் சாணத்தை நிறுத்திவிட வேண்டும். முழங்கைக்கு மேலே போயும் விரல் பளிச்சென்று தெரிந்தால் குட்டையில் மீனுக்கு மேய்ச்சல் இல்லை என்று பொருள்.

வாரக் கலவை

சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் 200 குஞ்சு விட்ட குட்டையில் இயற்கை உணவு மட்டும் போதாது, கைத்தீவனமும் வேண்டும். மீந்த சோறும் கஞ்சியும் மாவுச் சத்துதான். அதில் மீன் உயிர் வாழும், சதை வைக்காது.

கெண்டை மீன்களின் தீவனத்தில் நூற்றுக்கு 25 பங்காவது புரதம் இருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டில் எளிதில் கிடைப்பது தேங்காய்ப் பிண்ணாக்கு. அதில் புரதம் 20 அல்லது 22 பங்கு, தவிட்டில் 12 பங்கு. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தாலும் 17 பங்குக்கு மேல் தேறாது. தேங்காய்ப் பிண்ணாக்கை மட்டும் நம்பியவர்களின் மீன் மெலிந்து நிற்பது இதனால்தான். கடலைப் பிண்ணாக்கில் 40 பங்குக்கு மேல் புரதம் உண்டு. ஆகவே 4 கிலோ தவிடு, 4 கிலோ கடலைப் பிண்ணாக்கு, 2 கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கு, 100 கிராம் தாது உப்புக் கலவை என்று சேர்த்தால் 10 கிலோ கலவையில் ஏறக்குறைய 26 பங்கு புரதம் வந்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புப் போடாமல் உலர்த்திய பொடிமீன் கிடைத்தால், கடலைப் பிண்ணாக்கில் அரை கிலோவைக் குறைத்து அதை இடித்துச் சேர்க்கலாம். உப்புக் கருவாடு ஆகாது.

உமி கலந்த தவிட்டை வாங்குவது வீண். பிண்ணாக்கை உடைத்துப் பார்த்து, பூசணம் பிடித்திருந்தால் கழித்துவிட வேண்டும். விலை மலிவு என்று பூசணப் பிண்ணாக்கை மீனுக்குப் போடுகிறவர்கள் உண்டு. அதில் உள்ள நச்சு ஈரலைக் கெடுக்கும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஈரக் காற்றில் தவிடு சீக்கிரம் சிக்கு நாற்றம் அடிக்கும் என்பதால் மாதக் கணக்கில் கலந்து வைக்காமல் வாரந்தோறும் கலப்பதே சரி. ஞாயிற்றுக்கிழமை கலந்து, அன்றாட அளவை ஏழு பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டால் மற்ற நாட்களில் அளக்கும் வேலையும் இல்லை. சிறு பிள்ளையும் எடுத்துப் போய்ப் போட முடியும்.

அளவு மீனின் எடையைப் பொறுத்தது. மீன் ஒன்று 50 கிராம் இருக்கையில் 200 மீனுக்கு மொத்த எடை 10 கிலோ. அதில் நூற்றுக்கு 4 வீதம் நாள் ஒன்றுக்கு 400 கிராம் கலவை. கால் கிலோ ஆகும்போது, சேதம் போக 180 மீன் என்று கொண்டால் 45 கிலோ. அப்போது 2½ வீதம், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அரைக் கிலோ ஆனதும் 2 வீதம் போதும், 1 கிலோ 800 கிராம். மாதம் ஒரு முறை வீச்சு வலையில் பத்து மீன் பிடித்து எடை பார்த்தால் இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

பை கட்டும் முறை

அள்ளி வீசிய தீவனத்தில் ஒரு பகுதி சேற்றில் இறங்கி வீணாகிறது. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பகுதி மீன் வளர்ப்போர் இதற்குக் கண்ட வழி மிக எளியது. உரச் சாக்கின் கீழ்ப்பகுதியில் இரண்டு வரிசையாகத் துளையிட்டு, தீவனத்தை நிரப்பி, கம்பில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் வந்து துளையில் வாயை வைத்து முட்டி முட்டித் தின்கின்றன. தின்றது போக மிச்சம் பையிலேயே இருக்கும்.

வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட ஏற்ற முறை இல்லை. விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு; மீன் மந்தமாக இருக்கும், அப்போது வீசும் தீவனம் அடியில்தான் போய்ச் சேரும். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணிக்குத்தான் மீனுக்குப் பசி எடுக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. பை கட்டியிருந்தால், ஆறரை மணிக்குக் கட்டிவிட்டுப் போனாலும் மீன் தனக்கு வேண்டிய நேரத்தில் வந்து தின்னும்.

ஐந்து சென்ட் குட்டைக்கு இரண்டு பை கட்டினால் பெரிய மீன் விரட்டும் சிறிய மீனுக்கும் பங்கு கிடைக்கும். சாக்கை நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். பூச்சிமருந்து வைத்திருந்த சாக்கைத் தொடவே கூடாது. பையின் அடி ஓர் அடி ஆழத்தில் இருக்க, வாய் தண்ணீருக்கு மேல் நிற்க வேண்டும். முதல் மாதம் குஞ்சுகள் சிறியவை. அதுவரை சலித்த தூளைக் குட்டையின் ஒரே மூலையில் தூவுவது மேல். சாயங்காலம் வந்ததும் பையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். காலியாக இருந்தால் அளவு சரி. மிச்சம் இருந்தால் அதை எடுத்துவிட்டு, மறுநாள் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். பையை அப்படியே இரவு விட்டுவைத்தால் புளித்துப் போகும்.

நாள் தவறினால்

கன்னிப்பூ அறுப்பும் கும்பப்பூ நடவும் அடுத்தடுத்து வரும் நாட்களில் ஒரு நாள் தவறத்தான் செய்யும். அதனால் கேடில்லை. சாணமிட்ட குட்டையில் மீன் ஒரு நாள் மேய்ந்தே வாழும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதால் வளர்ச்சி குறைந்துவிடாது. ஆனால், தவறிய இரண்டு நாள் தீவனத்தையும் மூன்றாம் நாள் சேர்த்துப் போடுவதுதான் மீனைக் கொல்கிறது. மிஞ்சிய தீவனம் அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். பகலில் பாசி அதை ஈடு செய்யும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதே பிராணவாயுவைச் செலவழிக்க, விடியுமுன் ஒன்றும் மிஞ்சாது.

வானம் மூட்டமாக இரண்டு நாள் தொடர்ந்தாலும் இதே ஆபத்து உண்டு. அந்த நாட்களில் தீவனமும் வேண்டாம், சாணமும் வேண்டாம். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தாமதிக்காமல் மோட்டாரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழச் செய்ய வேண்டும்.

இருபது புல்கெண்டை சேர்த்து விட்டால் கைத்தீவனம் சற்றுக் குறையும். வரப்புப் புல், அசோலா, இளம் வாழையிலை எல்லாம் அது தின்னும். அதன் எச்சம் குட்டைக்கு உரமாகும். மூங்கிலால் ஒரு சதுரம் கட்டி மிதக்கவிட்டு அதற்குள் புல்லைப் போட்டால் சிதறாது. கோழிக் கழிவைக் கொட்டி வளர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி பக்கம் மட்டும் யாரும் போக வேண்டாம். அதை வளர்க்கத் தடை இருக்கிறது. வெள்ளத்தில் தப்பினால் குளத்து நாட்டு மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

கால்வாய்த் தண்ணீரோடு ஆமை வந்து சேர்வதும் உண்டு. நத்தை, செத்த மீன் ஆகியவற்றைத் தின்னும் அது குட்டைக்குப் பெரிய பகை இல்லை. பிள்ளைகள் ஆசையாகப் பிடித்துத் தொட்டியில் விட்டுச் சோறு போடுவார்கள். சோற்றில் சுண்ணாம்புச் சத்து இல்லை, வீட்டுக்குள் வெயிலும் இல்லை. நாளடைவில் ஓடு மெலிந்து வளைந்து ஆமை செத்துப்போகும். மேலும் நாட்டு ஆமையைப் பிடித்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குட்டையிலோ குளத்திலோ விட்டுவிட்டால் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும்.

பேச்சிப்பாறை அணை வழக்கமாக ஜூன் மாதம் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைபடும். தண்ணீர் வந்ததும் குஞ்சு விட்டால், அடைக்கும் காலத்தில் குட்டை வற்றுமுன் மீன் விற்பனைக்கு வந்துவிடும். பிடிப்பதற்கு முதல் நாள் பை கட்ட வேண்டாம். வயிறு காலியாக உள்ள மீன் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை கெடாது.