கிளம்பாத லாரியும் மின்சுற்றுச் சோதனையும்

பெங்களூரு கிருஷ்ணராஜேந்திர சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி மூட்டைகளுடன் வந்து சேரும் லாரிகள், சரக்கை இறக்கியதும் அடுத்த நடைக்குப் புறப்பட்டாக வேண்டும். அவற்றுள் பல நெடுங்காலம் உழைத்த வண்டிகள். சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஓசை மட்டும் எழுந்து எஞ்சின் அசையாமல் நின்றுவிடுமாயின், ஓட்டுநருக்கு அன்றைய வாடகை நஷ்டமாகிறது. அருகிலுள்ள ஜே.சி. ரோடு மோட்டார் உதிரிப் பாகக் கடைகளுக்குப் பேர்போனது. ஆதலின் புதிய பாட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்துவது எளிது. ஆயினும், புதிய பாட்டரியைப் பொருத்திய பின்னரும் பழைய கோளாறு அப்படியே இருத்தல் உண்டு. குற்றம் பாட்டரியில் இல்லாமல் வேறோர் இணைப்பில் இருந்ததே இதற்குக் காரணம். அந்த இடத்தைக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்க மோட்டாரின் வேலை

முற்காலத்தில் மோட்டார் வண்டியின் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே எஞ்சினைக் கிளப்பினர். அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் தொடக்க மோட்டார் 1912-இல் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன் பின்னர், ஸ்டார்ட்டர் எனப்படும் இக்கருவி எல்லா மோட்டார் வண்டிகளுக்கும் பரவியது.

டீசல் எஞ்சினில் ஸ்டார்ட்டரின் பொறுப்பு மிகுதி. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே அதனைச் செய்கிறது. எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்றாலன்றி அவ்வெப்பம் உண்டாகாது. பெங்களூரு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிரில் எண்ணெய் தடிக்கும். பாட்டரியின் வலிமையும் சற்றுக் குன்றும். எனவே, சமவெளியில் தட்டுத் தடுமாறிக் கிளம்பிய லாரி, ஓசூர் வழியாக மேட்டுநிலம் ஏறி வந்து ஓரிரவு நின்றபின் கிளம்ப மறுப்பதில் வியப்பில்லை.

விளக்கு எரிகிறது, எஞ்சின் சுழலவில்லை

“முகப்பு விளக்குகள் நன்றாக எரிகின்றன, ஆகவே மின்சாரத்தில் குறையில்லை” என்று கருதுவது பலரும் செய்யும் பிழை. 24 வோல்ட் மின்னமைப்புள்ள லாரி ஒன்றைக் கொள்வோம். அதன் பாட்டரி முனையில் அழுக்குப் படிந்து, அந்த இணைப்பின் தடை 0.02 ஓம் ஆகிவிட்டது என்க. விளக்குகள் 6 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும்பொழுது அவ்விணைப்பில் இழக்கப்படுவது 0.12 வோல்ட்டே. கண்ணுக்கு அது புலப்படாது. ஸ்டார்ட்டருக்கு 300 அம்பியர் செல்ல வேண்டுமாயின், அதே இணைப்பு 6 வோல்ட்டை விழுங்கிவிடும். மொத்த மின்னழுத்தத்தில் இது கால் பங்கு. தடை ஒன்றே, மின்னோட்டம் மிகும்பொழுதுதான் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆகையால், வண்டி ஓய்ந்திருக்கையில் அளப்பது போதாது. சாவியைத் திருப்பிய நிலையில் அளப்பதே சோதனையாகும்.

சோதிக்கும் வரிசை

முதலில் கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்தல் வேண்டும். அளக்கும்பொழுது எஞ்சின் கிளம்பிவிடாதபடி எரிபொருளை நிறுத்தும் கம்பியை இழுத்து வைக்க வேண்டும்.

அடுத்து, பாட்டரியைச் சோதிக்க வேண்டும். நன்கு மின்னேற்றிய 12 வோல்ட் பாட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்பது பாதியளவு மின்னேற்றத்தையே குறிக்கும். ஹைட்ராமீட்டரால் ஒவ்வோர் அறையின் அமிலத்தையும் அளந்து பார்க்கையில், ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் மிகக் குறைந்து காணப்படின் அந்த அறை பழுதுபட்டதாகும். ஸ்டார்ட்டர் சுழலும்பொழுது 12 வோல்ட் பாட்டரியின் மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் அதற்கு மின்னேற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். அதன் பின்னரும் இறங்கினால் பாட்டரி வலுவிழந்தது எனலாம். எனினும் ஸ்டார்ட்டரே அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நலம்.

பாட்டரி நன்றாயிருப்பின், வோல்ட்மானியின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனைத் தண்டிலும், மற்றொன்றை ஸ்டார்ட்டரின் பெரிய திருகிலும் வைத்து, உடன் இருப்பவரைச் சாவியைத் திருப்பச் செய்ய வேண்டும். மானி அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்விரண்டிற்கும் இடையே தடை உண்டு என்பது தெளிவு. மானியின் முனையை ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பிற்கு நகர்த்திச் சென்றால், குற்றமுள்ள இடம் தானே வெளிப்படும்.

இதே சோதனையைப் பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலும் செய்தல் இன்றியமையாதது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாத பகுதி இதுவே. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் அடிச்சட்டத்திற்கும் மின்தொடர்பு அளிப்பது ஓர் எர்த்துப் பட்டையாகும். அப்பட்டை துருப்பிடித்தோ இழை அறுந்தோ போனால் ஸ்டார்ட்டர் செயலற்றுவிடும். விளக்குகளின் மின்னோட்டம் அப்பட்டை வழியே செல்லாததால் அவை வழக்கம்போல் எரியும். பட்டையைக் கழற்றி, அது பொருந்தும் இடத்தை உலோகம் பளிச்சிடத் தேய்த்து, மீண்டும் இறுகப் பூட்டினால் கோளாறு தீரும். செலவு மிகச் சொற்பம்.

சாவியைத் திருப்பியும் ஓசையே எழாவிடில், சொலினாய்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பியைச் சோதனை விளக்கினால் பார்க்க வேண்டும். விளக்கு எரியாவிடில் குற்றம் சாவி விசையிலோ கம்பியிலோ இருக்கும். விளக்கு எரிந்து, தடித்த கம்பிகளும் எர்த்தும் சரியாக இருந்தால், அப்பொழுதுதான் சொலினாய்டையும் ஸ்டார்ட்டரையும் கழற்றுதல் பொருந்தும். எஞ்சின் விரைந்து சுழன்றும் பற்றாவிடில், எரிபொருள் வழியைச் சோதிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

திருப்புளியை வைத்து ஸ்டார்ட்டரின் இரு திருகுகளையும் இணைத்து வண்டியைக் கிளப்பும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. கியர் விழுந்திருப்பின், அருகில் நிற்பவர்மீதே லாரி ஏறிவிடும். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. ஆகவே பீடியோ தீக்குச்சியோ அதன் அருகில் கூடாது. கம்பிகளைக் கழற்றும்பொழுது எர்த்துக் கம்பியை முதலிலும், பூட்டும்பொழுது அதனை இறுதியிலும் கையாள வேண்டும்.

எஞ்சின் கிளம்பியபின் இன்னும் ஓர் அளவு எஞ்சியுள்ளது. 24 வோல்ட் அமைப்பில் பாட்டரி முனைகளிடையே சுமார் 28 வோல்ட் காணப்பட வேண்டும். அவ்வாறில்லையெனில் பாட்டரிக்கு மின்னேறவில்லை. மறுநாள் விடியலிலும் அதே நிலை ஏற்படும். ஒரு சிறிய வோல்ட்மானியும் கால் மணி நேரப் பொறுமையும் இருப்பின், தேவையற்ற பாகத்திற்குச் செலவிடும் பணமும், சந்தையில் வீணாகும் நாளும் மிச்சமாகும்.