அறுப்பின் பண்டிகைக்குப் பிரசங்கம் ஆயத்தம் பண்ணும் தம்பிக்கு



அறுப்பின் பண்டிகைப் பிரசங்கத்தை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அறிந்து சந்தோஷம். பொருளாசை, சோம்பல் இரண்டையும் சேர்த்துப் பேசப்போவதாக எழுதியிருந்தாய், குறிப்பையும் வாசித்தேன். முதல் பாதியில் பணக்காரரைச் சாடுகிறாய், மறு பாதியில் ஏழைகளைச் சாடுகிறாய். நம் பிரசங்க பீடங்களில் இது பழைய பாகப்பிரிவினை. இதில் ஒரு வசதியும் உண்டு. பொருளாசை என்றதும் கேட்கிறவர்கள் எங்கேயோ இருக்கிற கோடீஸ்வரனை நினைத்துக்கொள்வார்கள். சோம்பல் என்றதும் கடைசி பெஞ்சில் இருக்கிறவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நீ எடுத்திருக்கிற லூக்கா 12-ஐயே இன்னொரு முறை படி. அந்த ஐசுவரியவான் திருடவில்லை, யாரையும் ஏமாற்றியதாகவும் கதையில் இல்லை. நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவுதான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைக்கிறான். எதற்கு? பல வருஷத்துக்குச் சேர்த்துவைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுக் குடித்துச் சுகமாயிருக்க! அவனுடைய பொருளாசை போய்ச் சேர விரும்புகிற இடமே சோம்பல்தான். யோசனை கேட்கவும் அவனுக்கு ஆள் இல்லை. தன்னோடு தானே பேசிக்கொள்கிறான். அறுத்துக் கட்டி அடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அவன் பேச்சில் வருவதில்லை. இந்த உவமையே சொத்துப் பாகம் கேட்டு வந்த ஒருவனுக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது. அண்ணன் தம்பி பாகத் தகராறு என்றால் என்ன என்று நம் சபைகளில் விளக்கத் தேவையில்லை.

கூடவே மத்தேயு 25-ஐ வை. ஒரு தாலந்து ஏதோ சில்லறைக் காசு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 6,000 திநாரியம் அது. ஒரு திநாரியம் ஒரு நாள் கூலி. அப்படியானால் மூன்றாம் ஊழியன் 20 வருஷக் கூலியை மண்ணில் புதைத்திருக்கிறான். எஜமான் அவனைச் சோம்பேறி என்கிறார். அவனோ, நீர் கடினமான மனுஷன் என்று பயந்தேன் என்கிறான். ஒருவன் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டப் பார்க்கிறான், மற்றவன் மண்ணில் போட்டு மூடுகிறான். இரண்டு பேருக்குமே கொடுத்தவர்மேல் நம்பிக்கை இல்லை. உன் பிரசங்கத்தில் இந்த ஒன்று விளங்கினால் எனக்குப் போதும்.

இதை நன்றாக அறிந்திருந்தவர் எகிப்தின் கெல்லியா வனாந்தரத்தில் வாழ்ந்து 399-இல் மரித்த எவாக்ரியுஸ். துறவிகளைத் தாக்கும் எட்டு நினைவுகளை வரிசைப்படுத்தியவர். பிற்காலத்து ஏழு பாவங்களின் பட்டியலுக்கு மூலம் அதுதான். ஒரு சின்ன அறையும் கைவேலையும் தவிர வேறொன்றும் இல்லாத ஆட்களுக்குத்தான் அவர் பொருளாசையைப் பற்றி எழுதினார். அது அவர்களிடம் தங்கத்தைக் காட்டுவதில்லையாம். நீண்ட முதுமை, உழைக்க முடியாமல் போகும் கை, பஞ்சம், வியாதி, பிறரிடம் வாங்கிச் சாப்பிடுகிற வெட்கம், இவற்றைக் காட்டுமாம். பென்ஷன் இல்லாத எந்த மனுஷனுக்கும் ராத்திரியில் வருகிற நினைவுகள் இவை. ஆகவே பொருளாசை என்று நீ சொல்லும்போது உன் மனதில் பங்களா மட்டும் வரவேண்டாம்.

சோம்பலைப் பற்றி அவர் சொல்வது இன்னும் கூர்மை. காலை 10 மணி சுமாருக்குத் தொடங்கிப் பகல் 2 மணிவரை அது துறவியைப் பிடித்து ஆட்டும். சூரியன் நகராததுபோல் தோன்றும். யாராவது வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்ப்பான். இந்த இடம் சரியில்லை, இந்த வேலை சரியில்லை, சகோதரர்களிடம் அன்பே இல்லை, வேறு இடம் போனால் லேசான வேலையும் நல்ல வரும்படியும் கிடைக்கும் என்று நினைப்பு ஓடும். டிரான்ஸ்ஃபர் கேட்டு அலையும் ஊழியக்காரர்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? சோம்பல் படுத்தே கிடக்கும் என்று யார் சொன்னது? வாரம் முழுவதும் கமிட்டி, கூட்டம் என்று ஓடிவிட்டு, சனிக்கிழமை ராத்திரி யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டுக் குறிப்பெடுக்கிறோமே, அதற்கும் அந்தப் பேர்தான்.

ஏழைகளிடம் 2 தெசலோனிக்கேயர் 3-ஐ வீசாதே. பவுல் அங்கே கண்டிப்பது வேலை செய்ய மனதில்லாதவர்களை. வேலை கிடைக்காதவர்களை அல்ல. மத்தேயு 20-இல் சாயங்காலம் வரை சந்தையில் நின்றவர்களிடம் ஏன் நிற்கிறீர்கள் என்று தோட்டத்து எஜமான் கேட்கிறார். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர் அதை நம்புகிறார், வேலை கொடுக்கிறார், முழு நாள் கூலியும் கொடுக்கிறார். காலையில் லேபர் நிற்கிற முக்குகளைக் கடந்துபோகும்போது இந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்.

பணக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு பசிலியாரைப் பார். 369 வாக்கில் கப்பத்தோக்கியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. தானியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். செசரியாவில் அவர் இதே லூக்கா 12-ஐ எடுத்துப் பேசினார். அப்போது அவர் பேராயர்கூட இல்லை, 370-இல்தான் ஆனார். உன் வீட்டில் முடங்கிக் கிடக்கிற அப்பமும் வஸ்திரமும் பசித்தவனுக்கும் உடுப்பில்லாதவனுக்கும் உரியவை என்பது அவர் வாதம். களஞ்சியங்கள் திறந்தன என்று அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் எழுதிவைத்திருக்கிறார். பசித்தவர்களைக் கூட்டி, அண்டா வைத்துக் காய்ச்சி, தானும் நின்று பரிமாறினாராம். அந்த எவாக்ரியுஸைச் சபையில் வாசகராக நியமித்தவரும் இதே பசிலியார்தான்.

இன்னொன்று. கொடுத்தால் நூறு மடங்காய்த் திரும்பும் என்று ஒரு வார்த்தைகூட வராமல் பார்த்துக்கொள். காணிக்கைத் தட்டு நிறையும், ஆனால் பொருளாசையைக் கண்டிக்க எழுந்தவன் அதற்கே ஏஜெண்ட் ஆகிவிடுவான். ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். முதல் வாழைத்தார் பல ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவர் பேரை மைக்கில் இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார்கள். ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்.

யாக்கோபு 5-ஐயும் குறிப்பில் சேர். வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லுகிற அதிகாரம் அது. அறுப்பின் பண்டிகையில் அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் பீடத்தில் ஏறுவதற்கு முன் பொருளாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்: கோயில்பிள்ளைக்கு இந்த மாதச் சம்பளம் போய்விட்டதா?

கர்த்தருக்குள் அன்புள்ள,
அண்ணன்