பிராக் கடிகாரப்படி நாலு நாள்

குளிர்காலத்தில் பாறசாலை ரயில் நிலையத்தில் விடியற்காலை 4 மணி என்றால், செக் குடியரசின் பிராக் நகரில் முந்தைய நாள் இரவு 11.30. கட்டணம் வாங்கித் தேர்வு வைத்து, தேறியவருக்கு வர்த்தகக் கணக்குத் தரும் ப்ராப் நிறுவனங்களின் சேலஞ்சில் (தேர்வில்) லாப இலக்கைத் தொட்டுவிட்டு, குறைந்தபட்ச வர்த்தக நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களை மடக்குவது பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. அனுமதியில்லாத அந்நியச் செலாவணித் தளங்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட முதல் எச்சரிக்கைப் பட்டியலில் 34 பெயர்கள் இருந்தன. பிராக்கைச் சேர்ந்த ப்ராப் நிறுவனமான எஃப்டிஎம்ஓவும் அதில் ஒன்று. பட்டியல் பிறகு நீண்டிருக்கிறது. அதில் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பெயர் இல்லையென்றால் அனுமதி உண்டு என்றும் ஆகாது. வெளிநாட்டுத் தளத்துக்கு மார்ஜின் பணம் அனுப்ப ஃபெமா சட்டத்தில் இடமில்லை. ‘கட்டுவது வெறும் தேர்வுக் கட்டணம், ஆடுவது டெமோ கணக்கில்தானே’ என்ற வாதத்தை டெலிகிராம் குழுவில் கேட்காமல் ஆடிட்டரிடம் கேட்பது நல்லது. இந்தியப் பங்கு விலைகளை வைத்து நடக்கும் மெய்நிகர் வர்த்தகப் போட்டிகளைப் பற்றி செபியும் 2024 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. நெய்யாற்றின்கரையில் இருந்து கட்டினாலும் எல்லை தாண்டிக் களியக்காவிளையில் இருந்து கட்டினாலும் சட்டம் ஒன்றே.

இனி விதி. பல நிறுவனங்கள் எஃப்டிஎம்ஓவின் அச்சிலேயே தங்கள் விதிகளை வார்த்திருப்பதால், படித்துப் பழக அதையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டத் தேர்வில் முதல் கட்ட இலக்கு 10 சதவீதம், இரண்டாவதில் 5. ஒரு நாள் நஷ்டம் 5 சதவீதத்தையும், மொத்த நஷ்டம் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 4 வர்த்தக நாட்கள். 2023-இல் காலக்கெடுவையே எடுத்துவிட்டார்கள். எனவே அவசரப்பட ஒன்றுமில்லை.

வர்த்தக நாள் என்றால் எது? அன்று புதிதாக ஒரு டிரேடாவது திறந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை வாங்கி வியாழன் வரை வைத்திருந்தாலும் கணக்கில் ஏறுவது திங்கள் மட்டும். பழைய டிரேடை மூடுவது, ஸ்டாப் லாஸை நகர்த்துவது, பெண்டிங் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பது எதுவும் நாளாகாது. தொழிலுறப்பு என்னும் வேலை உறுதித் திட்டத்தில் மஸ்டர் ரோலில் பெயர் ஏறாத நாளுக்குக் கூலி கிடையாது அல்லவா, அதே கதைதான். ஸ்விங் டிரேடர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்: வாரம் முழுக்கப் பொசிஷன் ஓடியிருக்கும், கணக்கில் இருப்பதோ ஒரே நாள்.

அடுத்தது கடிகாரம், எல்லாவற்றிலும் சிக்கலானது இதுதான். நாள் மாறுவது மத்திய ஐரோப்பிய நேரப்படி நள்ளிரவில். நம் நேரத்தில் அது குளிர்காலத்தில் காலை 4.30, கோடையில் 3.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இந்த மாற்றம் நடக்கும். அப்படியானால் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை 4 மணிக்கு ஒரு டிரேடும் 5 மணிக்கு இன்னொன்றும் எடுத்தால், வீட்டுக் காலண்டரில் ஒரே நாள். அவர்கள் கணக்கில் திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று. மாறாக, செவ்வாய் மாலை ஒன்றும் புதன் அதிகாலை 2 மணிக்கு ஒன்றும் எடுத்தால் இரண்டுமே செவ்வாயில்தான் விழும். போதாக்குறைக்கு, டிரேட் எடுக்கும் மெட்டாடிரேடர் மென்பொருளின் சர்வர் நேரம் பிராக்கைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. குளிர்காலத்தில் காலை 3.30-க்கே திரையில் தேதி மாறிவிடும், விதிப்படி நாள் மாற மேலும் ஒரு மணி நேரம் ஆகும். தினசரி நஷ்ட வரம்பும் அதே நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படுகிறது. திரையை நம்பிப் புது நாள் என்று இறங்கியவருக்குப் பழைய நாளின் நஷ்டத்தோடு இதுவும் சேர்ந்து வரம்பு உடையும்.

எனவே விதி ஒன்றே: அதிகாலை 2 முதல் 5 வரை புது டிரேட் கூடாது. மதியம் 2 முதல் இரவு 8 வரை எடுத்தால் பாறசாலையிலும் பிராக்கிலும் தேதி ஒன்றாகவே இருக்கும். லண்டன் சந்தையும் திறந்திருக்கும்.

இரண்டாம் நாளிலேயே இலக்கு வந்துவிட்டதா? மிச்ச இரண்டு நாளை 0.01 லாட்டில் நிரப்பலாம். யூரோ-டாலரில் அந்த அளவுக்கு ஒரு பிப் 10 சென்ட். 20 பிப் ஸ்டாப் லாஸ் வைத்தால் போவது அதிகபட்சம் 2 டாலரும் சில்லறையும். லாபம் வந்த குஷியில் பெரிய லாட் போட்டு மிச்ச நாளை நிரப்புவது வீண் வம்பு.

ஆனால் இந்தக் குறுக்குவழி எல்லா இடத்திலும் செல்லாது. இஸ்ரேலின் தி ஃபைவர்ஸ், தனது ஹை ஸ்டேக்ஸ் திட்டத்தில் குறைந்தது 3 லாப நாட்களைக் கேட்கிறது; தொடக்கத் தொகையில் 0.5 சதவீதமாவது அன்று லாபமாக வந்திருக்க வேண்டும். 1 லட்சம் டாலர் கணக்கில் அது 500 டாலர். அங்கே 0.01 லாட் எதற்கும் ஆகாது. அங்கே லாபம் முழுவதையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல் மூன்று நாளுக்குப் பிரித்து எடுக்கத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் செயலற்ற கணக்கு விதி. தொடர்ந்து 30 நாள் டிரேடே எடுக்காவிட்டால் கணக்கை மூடும் நிறுவனங்கள் உண்டு. ஓணத்துக்கோ குடும்பக் கல்யாணத்துக்கோ விட்டுவிட்டுப் போகிறவர்கள், கிளம்பும் முன் ஒரு 0.01 லாட் டிரேடைத் திறந்து மூடிவிட்டுப் போகலாம்.

சந்தேகம் மிச்சமிருந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள்: நாள் எந்த நேர மண்டலத்தில் மாறுகிறது, எண்ணுவது டிரேட் திறந்த நாளையா மூடிய நாளையா, ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச லாபம் உண்டா. சாட்டில் கேட்பதைவிட மின்னஞ்சல் மேல். விதி நடுவில் மாறினாலும் அன்றைய பதில் தேதியோடு கையில் இருக்கும்.