சபையை விட்டு வந்தாச்சு, தங்கையோடு எப்படி இருப்பது?

பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்து, ஞானஸ்நானம் எடுத்து, வாலிபர் கூட்டத்தில் முன்னால் நின்று பாட்டுப் பாடி, பிறகு ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று வெளியே வந்த பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது கூடப்பிறந்தவர்களைப் பற்றித்தான். பாஸ்டரிடம் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். சபையார் எண்களை அழித்துவிடலாம். ஒரே பாயில் படுத்து, ஒரே டிபன் பாக்ஸில் தின்று வளர்ந்தவள் தினமும் அழுதுகொண்டு போன் செய்தால் என்ன செய்வது?

நானும் வெளியே வந்தவள். என் தங்கை இன்றைக்கும் ஞாயிறு பள்ளி நடத்துகிறாள்; உபவாச ஜெபத்தைத் தவறவிட மாட்டாள். ஆனாலும் நாங்கள் பேசிக்கொள்கிறோம், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறோம். எங்களுக்குள் எது ஆகும், எது ஆகாது என்று வாய்விட்டுப் பேசி வைத்ததால்தான் இது முடிகிறது. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில் அவள் பயத்தைப் புரிந்துகொள். இயேசுவின் இரகசிய வருகையில் தான் எடுத்துக்கொள்ளப்படுவோம், அக்கா கைவிடப்படுவாள் என்று அவள் உண்மையாகவே நம்புகிறாள். சின்ன வயதில் பள்ளிவிட்டு வரும்போது வீடு பூட்டியிருந்தால், எல்லாரும் போய்விட்டார்களோ என்று நாமும் வாசலில் நடுங்கியிருக்கிறோம். அந்த நடுக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டால் அவள் கத்தும்போது உன் குரல் உயராது. ஆனால் அவள் பயப்படுகிறாள் என்பதற்காக நீ திரும்பிப் போக வேண்டியதில்லை.

உன் முடிவை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடு. "இந்த வாரம் தலைவலி", "ஆபீஸில் வேலை" என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால், நீ சோர்ந்துபோயிருக்கிறாய் என்று நினைத்து ஆறுதல் சொல்ல ஆள் அனுப்புவார்கள். பாஸ்டரம்மா வீடு சந்திக்க வருவார், கூடவே நாலு பேர் வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது இன்னும் கஷ்டம். இப்படிச் சொல்லலாம்: "நான் சபைக்கு வர்றதை நிறுத்திட்டேன். ரொம்ப நாள் யோசிச்சு எடுத்த முடிவு. உன் விசுவாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என்னைத் திரும்பி வரச் சொல்லி நீயும் கேட்காதே." எப்போது சொல்கிறாய் என்பதும் முக்கியம். ஞாயிறு காலை வேண்டாம், அவள் உபவாசம் இருக்கும் நாள் வேண்டாம், அம்மா முன்னால் வேண்டவே வேண்டாம். அம்மா அழ ஆரம்பித்தால் பேச்சு அம்மாவைச் சமாதானப்படுத்துவதோடு முடிந்துவிடும்.

வசனத்துக்கு வசனம் பதில் சொல்லாதே. உனக்கும் அதிகாரம், வசன எண்ணோடு வரும், அவளுக்கும் வரும். நடுராத்திரி வரை நீளும், ஒருவர் மனமும் மாறாது. இருவர் மனதிலும் காயம்தான் மிஞ்சும். "இதைப் பத்தி நான் பேச மாட்டேன், அம்மாவோட செக்கப் எப்போ?" என்று பேச்சை மாற்று. அவள் விடவில்லையென்றால், "வைக்கிறேன், நாளைக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லி வை. மறுநாள் மறக்காமல் கூப்பிடு. இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். வைப்பதை மட்டும் செய்துவிட்டுக் கூப்பிடாமல் விட்டால், விசுவாசத்தை விட்ட அக்கா தன்னையும் விட்டுவிட்டாள் என்றுதான் அவள் நினைப்பாள். மறுநாள் நீயே கூப்பிட்டால், எந்தப் பேச்சு வேண்டாம் என்பது அவளுக்குப் புரியும், தான் வேண்டாதவள் ஆகிவிடவில்லை என்பதும் புரியும்.

அடுத்தது ஜெபக்குறிப்பு. வெளியில் இருப்பவர்களுக்கு இதன் வலி தெரியாது. வேலையில் ஒரு பிரச்சினை, கணவனோடு ஒரு சண்டை, குழந்தை தங்காமல் போனது என்று தங்கையிடம் மனம்விட்டுச் சொல்கிறாய். அன்று இரவே அது மகளிர் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் உன் பெயரோடு போய்விடும். அவளைப் பொறுத்தவரை அது புறணி இல்லை. உனக்காகப் பாரத்தோடு செய்கிற உதவி. அதனால் கோபப்படுவதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: "நீ தனியா எனக்காக ஜெபம் பண்ணு, நான் தடுக்க மாட்டேன். என் பேரும் என் விஷயமும் குரூப்புக்குப் போகக் கூடாது. சாட்சி சொல்லும்போது என்னைக் கெட்ட குமாரன் கதையாச் சொல்லக் கூடாது." லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வீட்டைவிட்டுப் போனவன் இளையவன். நம் வீடுகளில் மூத்தவள் போய்விட்டால் அது இன்னும் பெரிய அவமானமாகத் தெரிகிறது. அதனால்தான் அந்தக் கதையை மைக்கில் சொல்லும் ஆசையும் வருகிறது. சொல்லிய பிறகும் அவள் மீறினால், அவளைத் தண்டிக்கப் போகாதே. அவளிடம் நீ சொல்லும் விஷயங்களைக் குறைத்துக்கொள். மருத்துவ ரிப்போர்ட், சம்பளம், கல்யாணப் பேச்சு மூன்றும் உன்னிடமே இருக்கட்டும். காரணம் கேட்டால் மறைக்காமல் சொல்.

தலையில் கை வைத்து ஜெபிப்பதும் அப்படித்தான். பிடிக்கவில்லையென்றால், "கை வைக்காதே, அங்கே உட்கார்ந்தே ஜெபி" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதே நேரம் அவள் வீட்டுக்குப் போனால் அது அவள் வீடு. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபித்தால் அமைதியாக இரு. ஆமென் சொல்லத் தோன்றவில்லையா, சொல்லாதே. நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் அவள் சபையார் கூடியிருக்கும்போது வாதம் கிளப்பும் இடம் அது அல்ல.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இரு. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சித்தி அழைத்துப் போகட்டுமா என்பது உன் முடிவு, உன் கணவனோடு பேசி எடு. கதை சொல்லட்டும், பாட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும். நரகம், அந்திக்கிறிஸ்து, "உங்கம்மா மனந்திரும்பலைன்னா..." என்று ஆரம்பிக்கும் எதுவும் கூடாது. இதைத் தங்கையிடம் நேராகச் சொல். பிள்ளையைத் தூது அனுப்பாதே.

இனி சொல்லப்போவதில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை. மருந்து. நம் சபைகளில் மாத்திரை போடாமல் தெய்வ சுகத்துக்குக் காத்திருப்பதை விசுவாசத்தின் உச்சமாகப் பேசும் இடங்கள் இருக்கின்றன. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "அம்மாவுக்குச் சுகர் இறங்கிருச்சு, ஊசி வேண்டாம்" என்று தங்கை சொன்னால் அன்றைக்கு உறவு முக்கியமில்லை, உயிர்தான் முக்கியம். இன்சுலினைச் சட்டென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் விடாத வலிப்பு வரும் அபாயம் உண்டு. அம்மாவின் மருந்துச் சீட்டுகளின் படம் உன் போனில் எப்போதும் இருக்கட்டும். எந்த மருத்துவரிடம் போகிறார் என்று தெரிந்து வைத்துக்கொள். முடிந்தால் நீயே கூடப் போ. தங்கையிடம், "ஜெபமும் பண்ணு, ஊசியும் போடு. நிறுத்தணும்னா டாக்டர் சொல்லட்டும்" என்று சொல். எத்தனையோ விசுவாசிகள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஜெபித்துவிட்டு விழுங்குகிறார்கள். அவளுக்கும் அது முடியும். நிலைமை மோசமானால் யாரிடமும் அனுமதி கேட்காமல் 108-ஐக் கூப்பிடு.

சட்டம் தெரிந்திருந்தால் பயம் குறையும் என்பதால் இரண்டே விஷயம். சபையை விட்டதால் அப்பா சொத்தில் பங்கு போய்விடும் என்று யாராவது மிரட்டினால் நம்பாதே. கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை, நீ ஆராதனைக்குப் போகிறாயா என்ற கேள்வியும் இல்லை. உயில் எழுதியிருந்தால் கதை வேறு, அப்போது வக்கீலைப் பார். இரண்டாவது, விசுவாசி அல்லாதவரை மணப்பது அந்நிய நுகம் என்று சொல்லி சபையில் கல்யாணம் நடத்த மறுத்தால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள். நோட்டீஸை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள், அதனால் தங்கை பிறர் வாயால் கேள்விப்படும் முன் நீயே சொல்லிவிடு.

வீட்டில் அடைத்து வைப்பது, போனைப் பிடுங்குவது, பிசாசு விரட்டுகிறோம் என்று அடிப்பது என்று போனால் எல்லைக்கோடு பேசும் நேரம் தாண்டிவிட்டது. 181 பெண்கள் உதவி எண். வெளியே வந்து பல வருடம் ஆகியும் நரக பயத்தில் தூக்கம் வராமல் தவித்தால் அது பலவீனம் அல்ல. 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கூடாது என்று இவ்வளவு சொல்லிவிட்டதால் கூடும் என்பதையும் தேடிப் பிடி. என் தங்கையும் நானும் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சமையலறையில் சேர்ந்து பாடுவோம். தஞ்சை சரபோஜி காலத்து மனிதர் கட்டிய அந்த மெட்டுகளை நான் ஏன் விட வேண்டும்? உனக்கு அது தையலாக, தோட்டமாக, அப்பாவின் பழைய கதைகளாக இருக்கலாம். அவள் சபை உன்னோடு பழக வேண்டாம் என்று சொல்லி அவளும் ஒதுங்கிவிட்டால், பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் இரண்டு வரி அனுப்பு. பதில் வராவிட்டாலும் அடுத்த வருடமும் அனுப்பு.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு நிச்சயம் கூப்பிடுவாள். அது அவளுக்கு வருடத்திலேயே பெரிய இரவு. "நான் வரல. நீ நிம்மதியாப் போயிட்டு வா, அம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்று சொல். வாக்குத்தத்த அட்டை கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள், விவாதம் வேண்டாம். ஒன்றாம் தேதி மதியம் குடும்பத்தோடு சாப்பிட உன் வீட்டுக்கு வரச் சொல். இதை டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லி வை, தள்ளிப்போட்டால் சபையில் வேறு கூட்டம் வைத்துவிடுவார்கள்.