இரண்டு சொட்டு மருந்தும் பல கைகளும்: நலத் தொண்டில் கூட்டாண்மை

ஒரு நோயை ஒழிக்க முற்படும் தொண்டு நிறுவனம் எத்துணைப் பெரியதாயினும், தனித்து நின்று ஒரு நாட்டின் எல்லா வீடுகளையும் எட்ட இயலாது. மருந்து வாங்கப் பணம் வேண்டும். அதைக் கெடாமல் கொண்டுசெல்லக் குளிர்பெட்டிகள் வேண்டும். வாசலில் வந்து நிற்பவரை நம்பும் மனம் பெற்றோருக்கு வேண்டும். இவை அனைத்தும் ஒரே அமைப்பிடம் இருப்பதில்லை. ஆகவே நலத் தொண்டு அமைப்புகள் பிற அமைப்புகளோடு கைகோத்துப் பரப்புரை செய்கின்றன. இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவை இந்தியா வென்ற வரலாற்றின் வழியே அறிவோம்.

தொடக்கம்

ரோட்டரி சங்கம் மருத்துவ அமைப்பன்று. வணிகர்களும் பல தொழில் வல்லுநர்களும் கூடிய சேவைச் சங்கம். அச்சங்கம் 1979ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கும் பணியை ஏற்றது. 1985இல் 'போலியோ பிளஸ்' திட்டத்தை அறிவித்து 12 கோடி டாலர் திரட்ட முனைந்தது. 1988க்குள் அதைப்போல் இருமடங்குக்கும் மேலாகத் திரண்டது. அவ்வாண்டில் உலக நாடுகள் போலியோ ஒழிப்பைப் பொது இலக்காக ஏற்றன. அப்போது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் 3,50,000 குழந்தைகளை இந்நோய் முடக்கி வந்தது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், ரோட்டரி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவை ஒரு கூட்டணியாயின.

யார் எதைச் செய்தனர்?

இந்தியாவில் நாடு தழுவிய சொட்டு மருந்து நாள்கள் 1995ஆம் ஆண்டில் தொடங்கின. மருந்தையும் பணியாளரையும் அரசு அளித்தது. ரோட்டரி உறுப்பினர்கள் நிதி திரட்டினர், முகாம்களில் துணைநின்றனர். யுனிசெப் மக்களிடையே விளக்கப் பணியை நடத்தியது. உலக சுகாதார நிறுவனம் அரசுடன் சேர்ந்து நோய்க் கண்காணிப்பை அமைத்தது: 15 வயதுக்குட்பட்ட எக்குழந்தைக்கேனும் கை கால் திடீரெனத் தளர்ந்தால் மருத்துவர்கள் தெரிவித்தனர், மலமாதிரி ஆய்வகத்துக்குச் சென்றது.

ஆராய்ச்சியின் பங்கும் பெரிது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜானின் ஆய்வுகள், நம் நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று முறை கொடுக்கும் சொட்டு மருந்து போதாது என்று காட்டின. மீண்டும் மீண்டும் ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து அளிப்பதன் காரணம் இதுவே.

மூடிய கதவுகள்

ஆயினும் 2002ஆம் ஆண்டில் நாட்டில் 1600 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி பரவியதால் பல பெற்றோர் கதவை மூடிக்கொண்டனர். வேறு சிலரின் கேள்வி நியாயமானது: "வயிற்றுப்போக்குக்கும் குடிநீருக்கும் வராதவர்கள், சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் அடிக்கடி வருகிறீர்கள்?"

சுவரொட்டிகள் இதற்கு விடை தரவில்லை. நம்பிக்கைக்கு உரியவர்கள் வர வேண்டியிருந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகிய கல்வி நிலையங்கள் துணைக்கு வந்தன. பள்ளிவாசல்களில் இமாம்கள் சொட்டு மருந்து நாளை அறிவித்தனர். அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று தாய்மாரோடு பேசினர். தொடர்வண்டி நிலையங்களிலும் செங்கற்சூளைகளிலும் இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகள் தேடிக் காணப்பட்டனர்.

2009இல் 741 பேர் பாதிக்கப்பட்டனர்; அவ்வாண்டு உலகில் பதிவானவற்றுள் அது ஏறக்குறையப் பாதி. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் விடாது நின்ற 107 வட்டாரங்களில் தூய்மை, தாய்ப்பால், வயிற்றுப்போக்குச் சிகிச்சை ஆகியவையும் சொட்டு மருந்தோடு சேர்க்கப்பட்டன. பெற்றோரின் கேள்விக்கு இவ்வாறு செயலில் விடை கிடைத்தது. 2010இல் எண்ணிக்கை 42ஆகக் குறைந்தது. 2011 சனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் நோயுற்ற பெண் குழந்தையே, இயற்கைப் போலியோ கிருமியால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் இருப்பதால் நாம் சொட்டு மருந்தை நிறுத்தலாகாது.

இதனால் அறிய வேண்டியவை

நல்ல கூட்டாண்மையில் ஒவ்வோர் அமைப்பும் தன்னிடம் உள்ளதைத் தருகிறது. பிறர் வேலையைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வதில்லை. மக்கள் எதிர்க்கும்போது அவர்களை அறியாமையுடையோர் என்று ஒதுக்காமல், கேட்டுத் தன் திட்டத்தைத் திருத்திக்கொள்கிறது.

எல்லாக் கூட்டும் நன்மை தருவதும் இல்லை. தன் பொருளை விற்க விரும்பும் நிறுவனம் நலப் பரப்புரையின் பெயரால் நுழையக்கூடும். தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவை விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பது இவ்வகை ஆபத்தை உணர்ந்தே.

உங்களை அழைக்கும்போது

நோயாளிகளையும் குடும்பத்தாரையும் நன்கொடைக்கோ, விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கோ, தம் அனுபவத்தைப் பகிரவோ பல அமைப்புகள் அழைக்கின்றன. இசைவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இதில் சேர்ந்துள்ள அமைப்புகள் யாவை? ஒவ்வொன்றும் எதைத் தருகிறது?
2. நன்கொடை யார் கணக்கில் சேரும்? பற்றுச்சீட்டு கிடைக்குமா?
3. மருத்துவச் செய்திகளைச் சரிபார்ப்பவர் யார்?
4. பங்கேற்கும் நிறுவனம் ஏதேனும் மருந்தையோ கருவியையோ விற்கிறதா?
5. என் படமும் பெயரும் எங்கெங்கு வெளியாகும்? பின்னர் வேண்டாமென்றால் நீக்குவார்களா?

கேட்பதால் உங்கள் சிகிச்சைக்கு எக்குறையும் நேராது. மறுப்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. தெளிவான விடை தரும் அமைப்போடு மனமுவந்து சேருங்கள். நோயோடு வாழ்ந்து அறிந்தவரின் சொல், அதே நோயை முதன்முறை எதிர்கொள்ளும் குடும்பத்துக்குப் பெருந்துணையாகும்.