கல்லின் உள்ளே காட்டும் குழாய்

பேருவளை, சீனன்கோட்டை இரத்தினக்கல் வியாபாரிகளிடம் வெளிநாட்டு வாடிக்கையாளர் முதலில் கேட்பது படத்தைத்தான். ஒரு கரட் வட்ட நீலக்கல் சுமார் 6 மி.மீ. அகலமே. சாதாரண 50 மி.மீ. லென்ஸில் அது சிறு புள்ளியாகவே விழும். மெக்ரோ லென்ஸ் விலை கூடியது. குறைந்த செலவில் அந்த வேலையைச் செய்வது எக்ஸ்டென்ஷன் டியூப்.

இது கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய். கெமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூட்டினால், கல்லுக்கு மிகக் கிட்டச் சென்று படமெடுக்கலாம். கணக்கு எளிது. 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் போட்டால், கல்லின் பாதியளவு உருவம் கெமராவுக்குள் பதியும். 50 மி.மீ. குழாய் போட்டால் முழு அளவு பதியும்.

இதில் நட்டமும் உண்டு. முழு அளவில் எடுக்கும்போது வெளிச்சம் கால்வாசியாகக் குறையும். அபேர்ச்சர் எஃப் 8 இல் கூட, தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. ஆகவே ஸ்டாண்டில் பூட்டி, நல்ல வெளிச்சம் கொடுத்து, டைமரில் எடுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதை விட, கல்லை மெல்ல முன்பின் நகர்த்துவதே இலகு.

வாங்கும்போது மின்தொடர்பு முனைகள் உள்ள குழாயாகப் பாருங்கள். அவை இல்லாவிட்டால் இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அபேர்ச்சரை மாற்ற முடியாது.

இப்படி எடுத்த படத்தில் உள்வெடிப்பும் பட்டிழையும் தெரியும். அவற்றை மறைக்காதீர்கள். சிதையாத பட்டிழை, கல் கடுமையாகச் சூடாக்கப்படவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். குறையை முன்கூட்டியே பார்த்து வாங்கியவர் அதைச் சொல்லிக் கல்லைத் திருப்பி அனுப்ப மாட்டார்.