பழைய லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க! முதல் லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கரியாலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரண்மேல் கிடக்கிறது. தங்கை இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை என எல்லாமே இணையத்தில்தான். செல்போனின் சின்னத் திரையில் நீளமான படிவத்தை நிரப்பி, பாதியில் சிக்னல் போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் கஷ்டம் மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"அண்ணா, இது ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது. பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடலாமா?"

"இரு பாப்பா. அதுல லினக்ஸ் போட்டா நல்லா ஓடும்னு சொல்றாங்க. எந்த லினக்ஸ் போடணும்னுதான் தெரியல."

இந்த அண்ணனின் கேள்விக்குத்தான் இந்தப் பாடம்.

லினக்ஸ் என்றால் என்ன, ஏன் இத்தனை வகை?

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருநிரலின் பெயர்தான் லினக்ஸ். கணினியின் வன்பொருளை இயக்கும் அடிப்படைப் பகுதி அது. அதோடு திரை அமைப்பு, பிரவுசர், அலுவலக மென்பொருள் எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகத் தருவதை 'டிஸ்ட்ரோ' என்கிறார்கள். நம் ஊர் மரவள்ளிக்கிழங்கை நினைத்துப் பாருங்கள். அவித்தால் ஒரு பண்டம், சீவி வறுத்தால் சிப்ஸ், ஆலைக்குப் போனால் ஜவ்வரிசி. கிழங்கு ஒன்றுதான். அதுபோல உபுண்டு, மின்ட், டெபியன், பாஸ் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே லினக்ஸ். ஒன்றைக் கற்றால் மற்றதில் முக்கால்வாசி வந்துவிடும். அதனால் தவறான டிஸ்ட்ரோவை எடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யும். ஆனால் பல வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள்.

இப்போது ஏன் மாற வேண்டும்?

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடனும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இவை இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கணினியில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி போன்றவற்றைக் கையாள்வது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பது மாதிரி. லினக்ஸை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், புதுப்பிப்பும் இலவசமாகவே வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்விகள்

1. கணினியில் ரேம் எவ்வளவு? 4 ஜிபி அல்லது அதற்கு மேல் என்றால் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு போதும். விண்டோஸ் பழகியவர்களுக்கு அதன் மெனுவும் கீழ்ப்பட்டையும் பழகிய இடம் மாதிரியே இருக்கும். 2 ஜிபி மட்டும் என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 2 ஜிபிதான் என்பதால் பிரவுசரில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று டேப்களுக்கு மேல் திறக்காதீர்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். எந்த டிஸ்ட்ரோ மாற்றத்தையும்விட அதில்தான் வேகம் அதிகம் கூடும்.

2. என்ன வேலைக்கு? அரசு இணையதளம், விண்ணப்பம், பாடம், யூடியூப், கடிதம் இவற்றுக்கு எந்த டிஸ்ட்ரோவும் சரி. ஆனால் டேலி, போட்டோஷாப் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. கைரேகைக் கருவிகள் பலவற்றுக்கு விண்டோஸோ ஆண்ட்ராய்டோதான் தேவை. சேவை மையம் வைக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

3. சந்தேகம் வந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் உபுண்டு வைத்திருந்தால் நீங்களும் உபுண்டுவே போடுங்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த டிஸ்ட்ரோவைவிட, கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கும் டிஸ்ட்ரோவே புதியவருக்கு நல்லது.

உங்கள் மடிக்கணினியில் பாஸ் ஏற்கெனவே இருந்தால் முதல் பழக்கத்தை அதிலேயே தொடங்கலாம். ஆனால் அது பழைய பதிப்பாக இருந்தால் எழுதிப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; வங்கி வேலை வேண்டாம். 'ஹேக்கிங்' வீடியோ பார்த்துவிட்டுச் சில தம்பிகள் முதலிலேயே காளி லினக்ஸ் கேட்கிறார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்யும் வல்லுநர்களுக்கானது. முதல் லினக்ஸாக அது வேண்டாம்.

மலையில் இருந்தபடி போடுவது எப்படி?

மின்ட் கோப்பின் அளவு சுமார் 3 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் ஒரே நாளில் இறங்காது. அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது, வைஃபை உள்ள உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ, லினக்ஸ் மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கி செல்போனிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.

பிறகு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். கணினியே இல்லாமல் ஆண்ட்ராய்டு போனிலிருந்தும் அதைத் தயாரிக்கலாம். ஓடிஜி இணைப்பான் வழியாக பென்டிரைவைச் சொருகி, 'ஈட்ச்டிராய்டு' என்ற இலவசச் செயலியில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் எழுதித் தந்துவிடும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

பென்டிரைவை மடிக்கணினியில் சொருகி ஆன் செய்தவுடன் பூட் மெனுவுக்கான பட்டனை அழுத்துங்கள். லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பி-யில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசரில் எஃப்2 அழுத்தி உள்ளே போய் எஃப்12 பூட் மெனுவை முதலில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும். பயாஸ் கடவுச்சொல் கேட்டால் நீங்களாக எதையும் முயலாமல் கணினிப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். ஹார்டு டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. இந்த நிலையில் வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட் நான்கையும் சோதித்துப் பாருங்கள். வைஃபை வேலை செய்யாவிட்டால், சார்ஜர் கேபிளால் போனை இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள், நெட் வந்துவிடும். இரண்டு, மூன்று நாள் இப்படியே பழகுங்கள். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை எடுத்துவிட்டு ஆன் செய்தால் பழைய கணினி அப்படியே இருக்கும்.

நிறுவும் முன் இரண்டு எச்சரிக்கை

முதலாவது, குடும்பப் புகைப்படம், சான்றிதழ் நகல், பாடக்குறிப்பு எல்லாவற்றையும் வேறு பென்டிரைவில் நகலெடுங்கள். நிறுவும்போது 'வட்டு முழுவதையும் அழி' என்ற தேர்வைச் சொடுக்கினால், அதில் இருந்தவை திரும்பக் கிடைக்கும் என்று நம்பவே கூடாது. இதில் அவசரப்பட்டு இழந்தவர்கள் அதிகம். விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் 'அதனுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, கரண்ட். பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். நிறுவும் நடுவில் மின்சாரம் போனால் கணினி இரண்டுங்கெட்டானாக நின்றுவிடலாம். காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் தொடங்காதீர்கள். இன்வெர்ட்டர் உள்ள இடத்தில் செய்வது உத்தமம்.

நான்கு வாரப் பாடம்

முதல் வாரம்: தமிழ் தட்டச்சு. மென்பொருள் மேலாளரில் 'ஐபஸ் எம்17என்' என்ற தொகுப்பைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். தினம் 15 நிமிடம் போதும்.

இரண்டாம் வாரம்: லிப்ரே ஆபிஸ் ரைட்டர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு ஒன்றை நீங்களே யூனிகோடு தமிழில் எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றிப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சாலை, குடிநீர், பேருந்து என்று உண்மையான விஷயத்தையே எழுதுங்கள். பயிற்சியும் ஆகும், மனுவும் தயாராகும்.

மூன்றாம் வாரம்: இணைய வேலை. ஃபயர்பாக்ஸில் பட்டா, சிட்டா பார்ப்பது, டிஜிலாக்கர் திறப்பது, விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தின் அளவைக் குறைப்பது.

நான்காம் வாரம்: பராமரிப்பு. புதுப்பிப்பு மேலாளரை வாரம் ஒருமுறை இயக்குங்கள். மின்ட்டுடன் வரும் 'டைம்ஷிஃப்ட்' கருவியில் ஒரு பதிவு எடுத்துவைத்தால், பின்னால் ஏதாவது கெட்டாலும் அந்த நாளின் நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது கணினி அமைப்பைத்தான் காக்கும்; உங்கள் சொந்தக் கோப்புகளைத் தனியாக நகலெடுக்க வேண்டும். டெர்மினல் என்ற கறுப்புத் திரையையும் மெல்லப் பழகலாம். ஒரே ஒரு விதி: 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைக்குக் கணினியின் முழு அதிகாரமும் போகும். அர்த்தம் தெரியாமல் எங்கிருந்தோ ஒட்டாதீர்கள்.

யாரிடம் கேட்பது?

கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இதுபோன்ற குழுக்கள் உண்டு. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழின் கட்டுரைகளையும், நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' மின்னூலையும் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கிவைத்துக்கொண்டால் வீட்டில் நெட் இல்லாமலே படிக்கலாம்.

கேள்வி கேட்கும்போது 'வேலை செய்யல' என்று மட்டும் சொல்லாமல், கணினியின் மாடல், டிஸ்ட்ரோவின் பெயர், பதிப்பு, திரையில் வந்த செய்தியின் போட்டோ நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் சீக்கிரம் வரும்.

இனி, பரண்மேல் இருக்கும் அந்த மடிக்கணினியை இறக்கித் துடைத்து, ஆன் ஆகிறதா என்று பாருங்கள். ஆன் ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ரேம் அளவு. அடுத்து ஒரு பென்டிரைவ். விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் இந்த விடுமுறையிலேயே தொடங்கினால், படிவம் வரும்போது தங்கை தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அதை நிரப்பலாம்.